சொந்தப் பாட்டுக்கு ஒரு மேடை

(மூன்றாம் ஆண்டு வரலாற்று மாணவர், சித்தையன்கோட்டை)

இசை என்றவுடன் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது திரைப்பட இசையே. ஒரு பாட்டைக் கேட்டால், “இது எந்தப் படம்?” என்பதே நம் முதல் கேள்வி. எழுதியவர் ஒருவர், மெட்டமைத்தவர் ஒருவர், பாடியவர் ஒருவர், வாயசைத்தவர் ஒருவர். ஆனால் ஊரில் அந்தப் பாட்டு வழங்குவதோ வாயசைத்தவர் பெயரால்! இதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. கண்ணதாசனையும் விசுவநாதனையும் இளையராஜாவையும் தந்த துறையைப் பழிக்க யாருக்கு மனம் வரும்? ஆயினும், தானே பாட்டுக் கட்டி, தன் குரலிலேயே பாடும் ஒருவருக்கு நம்மிடையே இடம் உண்டா என்று கேட்டால், விடை சொல்லச் சற்றுத் தயங்கத்தான் வேண்டியிருக்கிறது.

மேலை நாட்டில் இத்தகையோர்க்கு ஒரு பொற்காலம் இருந்தது. அது 1970ஐ ஒட்டிய ஆண்டுகள். முழக்கமிடும் ராக் இசை சற்றே தணிந்து, கிடாரும் பியானோவும் பக்கத்தில் அமர்ந்து பேசுவது போன்ற மென்மையான ராக் இசை பிறந்த காலம். அதற்கு எடுத்துக்காட்டாக நான் காட்ட விரும்புவது கரோல் கிங் என்னும் அம்மையார் 1971 பிப்ரவரியில் வெளியிட்ட ‘டாபஸ்ட்ரி’ என்ற இசைத்தட்டு. டாபஸ்ட்ரி என்றால் சித்திரம் நெய்த திரைச்சீலை. சின்னாளபட்டித் தறிகளுக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு இந்தப் பெயர் அந்நியமாகப் படாது என்று நினைக்கிறேன்.

இவர் வரலாறு சுவையானது. 1960களில் இவர் பிறருக்கு மெட்டமைத்துக் கொடுக்கும் தொழிலில் இருந்தவர். அப்போது கணவராயிருந்த ஜெரி காஃபின் சொற்களை எழுத, இவர் மெட்டமைப்பார். பாடிப் புகழ் பெறுவோர் வேறு ஆட்கள். அப்படி 1960ஆம் ஆண்டில் ஷிரல்ஸ் என்னும் பெண்கள் குழுவுக்காக ஒரு காதல் பாட்டு அமைத்தார். இன்றிரவு காட்டும் அன்பு நாளைக்கும் இருக்குமா என்று ஒரு பெண் கேட்கும் பாட்டு. துள்ளலான தாளத்தில் வந்து அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. பத்தாண்டுகள் கழிந்தன. மணமுறிவும் ஏற்பட்டது. அதே பாட்டை ‘டாபஸ்ட்ரி’யில் பியானோவின் முன் அமர்ந்து, தாளத்தைக் குறைத்து, மெல்லத் தாமே பாடினார். சொல்லும் மெட்டும் மாறவில்லை. ஆனால் முன்பு விளையாட்டுப் பெண் ஒருத்தி கேட்ட கேள்வியை, இப்போது விடை தெரிந்த ஒருத்தி கேட்கிறாள். ஐயமுள்ள நண்பர்கள் கைப்பேசியில் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். பத்து நிமிடங்கூட ஆகாது.

அந்த இசைத்தட்டில் பன்னிரண்டு பாடல்கள். சிலவற்றின் சொற்கள் டோனி ஸ்டெர்ன் என்பாருடையவை. மெட்டு மட்டும் எல்லாவற்றிலும் கரோல் கிங்குக்கு உரியது. அவர் குரலும் பெரிய குரல் அன்று. நம் போட்டிகளில் வைத்தால் முதற் சுற்றிலேயே விழுந்துவிடக்கூடிய குரல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் குரலில் வந்த இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் தொடர்ந்து 15 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. 1972இல் ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான கிராமி விருதும் பெற்றது.

அமெரிக்கா எங்கே, ஆத்தூர் வட்டம் எங்கே என்று நண்பர்கள் நகைக்கலாம். அவ்வளவு தொலைவு போக வேண்டாம். பாக்கு நீரிணையைத் தாண்டினால் போதும். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு நம் மாவட்டத்துத் தேநீர்க் கடைகளில் ஒலித்த காலத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள். அந்த இலங்கையில்தான் நித்தி கனகரத்தினம் என்னும் யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்காரர், 1960களில் அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் பயின்றவர், கிடாரைக் கையிலெடுத்துத் தமிழில் தாமே பாட்டுக் கட்டிப் பாடினார். சிங்களவரின் பைலா தாளத்தில் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை ஏற்றினார். மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கும் ‘சின்ன மாமியே’ அவருடையது. கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று அறிவுரை சொல்லும் பாட்டும் அவருடையதே. தமிழ்ப் பொப்பிசைக்கு அவரைத் தந்தை என்கிறார்கள் ஈழத்தவர்.

ஆனால் இங்கே நடந்தது என்ன? ‘சின்ன மாமியே’ தெரியாதவர் நம்மில் எத்தனை பேர்? நித்தி கனகரத்தினத்தைத் தெரிந்தவர் எத்தனை பேர்? அப்பாட்டைச் சிலோன் மனோகர் பாட்டு என்று சொல்வோரே மிகுதி. ஏ.ஈ. மனோகரன் அருமையான மேடைப் பாடகர். 2018இல் சென்னையில் மறையும்வரை இரு நாட்டு இரசிகர்களின் அன்பையும் பெற்றிருந்தவர். பாடி ஊர் ஊராய்ப் பரப்பிய புகழ் அவருக்கு உரியது. கட்டியவர் பெயர் காணாமற் போனதற்கு அவரைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை. யாருடைய பாட்டு என்று கேட்கும் பழக்கமே நமக்கு இல்லை, அதுதான் காரணம். அவர் புகழ்பெறச் செய்த ‘சுராங்கனி’யும் 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் வந்த பிறகு, நமக்குச் சினிமாப் பாட்டாகிவிட்டது!

இது பழங்கதை என்று தள்ளவும் முடியவில்லை. 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ திரைப்படத்தைச் சாராத தமிழ்ப் பாட்டு. உலகெங்கும் ஒலித்தது. அடுத்த ஆண்டே, அது யாருடைய உழைப்பு என்பதில் தெருக்குரல் அறிவும் சந்தோஷ் நாராயணனும் தத்தம் அறிக்கைகளை வெளியிட நேர்ந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு வழங்குவது நம் வேலையன்று. ஆனால் அதே ஆண்டு வந்த திரைப்பாடல் எதற்காவது இத்தனை பேர் ‘இதை எழுதியவர் யார்?’ என்று கேட்டார்களா? சினிமாவுக்கு வெளியே வந்தால்தான் அந்தக் கேள்வியே பிறக்கிறது போலும்.

எங்கள் சித்தையன்கோட்டையில் திருமண வீடுகளில் நாகூர் ஹனீபாவின் குரல் ஒலிக்காத நாளில்லை. அவர் பாடியவை பெரும்பாலும் பிறர் எழுதியவைதாம். எனினும், எந்தக் கதாநாயகனின் வாயசைப்பும் இன்றி ஒரு குரல் தலைமுறை தாண்டி வாழ முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? ஆகவே, சினிமா இல்லாவிட்டால் தமிழன் கேட்கமாட்டான் என்ற வாதத்தை நான் ஏற்பதற்கில்லை.

இனி நம் கல்லூரிக்கு வருவோம். சென்ற ஆண்டுப் பாட்டுப் போட்டிக்கு நண்பர் ஒருவர் சொந்தமாக ஒரு பாட்டு எழுதி வைத்திருந்தார். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு, செம்பட்டியிலிருந்து நடந்தே ஊர் போகும் மாணவனின் பாட்டு. வேப்ப மரத்தடியில் மேசையைத் தட்டி எங்களுக்குப் பாடிக் காட்டினார். இரண்டாம் சரணத்தில் மெட்டு சற்றுத் தடுமாறும். இருந்தாலும் அந்தச் சாலையில் நடந்தவர்களுக்குத் தொண்டை அடைத்தது. போட்டி விதியோ, அறிமுகமான பாடலையே பின்னணி இசைத்தடத்துடன் பாட வேண்டும் என்றது. நண்பர் ஒரு திரைப்பாடலைப் பாடினார். இரண்டாம் பரிசும் பெற்றார். பேருந்துப் பாட்டு மரத்தடியோடு நின்றுவிட்டது.

சொந்தப் பாட்டை அனுமதித்தால் தரம் கெட்டுவிடும் என்று சில பேராசிரியப் பெருமக்கள் கருதுவது தெரியும். உண்மைதான், பத்துப் பாட்டில் எட்டு கேட்கச் சகிக்காமல் இருக்கும். கவிதைப் போட்டியிலும் அப்படித்தானே இருக்கிறது? அதற்காக, கவிஞர்களின் பழைய கவிதையையே ஒப்பித்தால் போதும் என்று யாரும் விதி வகுக்கவில்லையே!

எனவே வரும் கல்லூரி நாளில் ‘சொந்தப் பாட்டு’ என ஒரு பிரிவு சேர்க்க வேண்டுகிறேன். ஒருவருக்கு ஐந்து நிமிடம். கிடார், தப்பு, கஞ்சிரா, வெறும் மேசை — எதுவானாலும் சரி. பின்னணி இசைத்தடம் வேண்டாம். நண்பரோடு சேர்ந்து எழுதியிருந்தால் இருவர் பெயரும் தரப்பட வேண்டும். வழக்கமாகப் படத்தின் பெயரை எழுதும் இடத்தில், அறிவிப்புப் பலகையில், அந்த மாணவர்களின் பெயரும் வகுப்பும் இருக்கட்டும்.