சொல் மாறிற்று, நூல் மறைந்தது

இயற்பியல் என்று கணிப்பொறியில் தட்டித் தேடும் மாணவனுக்குப் ‘பௌதிகம்’ அகப்படுவதில்லை. வடிவியல் என்று தேடும் மாணவிக்குச் ‘சேத்திரகணிதம்’ கிடைப்பதில்லை. பள்ளி நூலகங்களை மின்மயமாக்குவது பற்றி எங்கும் பேசப்படும் இந்நாளில், தமிழன்பர் முதற்கண் எண்ணிப் பார்க்க வேண்டிய சிக்கல் இதுவே என்பது எம் கருத்து.

தமிழ்நாட்டரசு 2018-இல் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகட்கும், அடுத்த ஆண்டில் ஏனை வகுப்புகட்கும் பாடத்திட்டத்தைப் புதுக்கியது. கைப்பேசியாற் படிக்கத்தக்க கட்டக்குறிகளும் பாடநூற் பக்கங்களில் இடம்பெற்றன. நன்றே. ஆயின், பாடநூலைக் கடந்து மேலும் அறிய விழையும் பிள்ளைக்கு நூலகம் என்ன செய்தது? பல பள்ளிகளில் நூலகமென்பது பூட்டிய நிலைப்பேழையே. அதன் திறவுகோல் எவரிடமுள்ளது என்பது தனியாராய்ச்சிக்குரியது!

நூலே இல்லையென்று சொல்வதற்குமில்லை. மதுரைத் திட்டத்தார் 1998 முதல் தமிழ் நூல்களை விலையின்றி இணையத்தில் வழங்கி வருகின்றனர். தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திற் பழம்பதிப்புகள் மிகப்பல. பெ. தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை 10 மடலங்களாக வெளிவந்த கலைக்களஞ்சியமும் மின்வடிவில் உள்ளது. அவற்றை எச்சொல்லால் தேடுவது என்பதே பிள்ளைக்குத் தெரியவில்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்க. சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் தமிழ்வழி மருத்துவங் கற்பித்தார். 1867-இல் அவர் வெளியிட்ட அறுவை மருத்துவ நூலின் பெயர் ‘இரணவைத்தியம்’. 1875-இல் வந்த வேதியியல் நூலின் பெயர் ‘கெமிசுதம்’. தமிழில் உயரறிவியல் இயலாதென்று இன்றும் பிதற்றுவார்க்கு இவற்றினும் வலிய விடை வேறென்ன வேண்டும்? ஆயினும், வேதியியல் பயிலும் நம் மாணாக்கருள் எவர் ‘கெமிசுதம்’ என்று தேடப் போகின்றார்? படப்பக்கங்களாக மட்டும் ஏற்றப்பட்ட மின்னூலாயின், அதனுள்ளே சொல்லைத் தேடுதலும் இயலாது. தலைப்பை அறியாதவர்க்கு அந்நூல் இல்லாததே.

இதில் நம் பங்கும் உண்டென்பதை மறைத்தற்கில்லை. சரித்திரத்தை வரலாறாக்கினோம், பூகோளத்தைப் புவியியலாக்கினோம். அதிற் பிழையொன்றுமில்லை, இன்னும் ஆக்க வேண்டியன பல. ஆயின், பழஞ்சொல்லிலிருந்து புதுச்சொல்லுக்கு வழிகாட்டும் பட்டியலை நூலகத்திற்கு ஆக்கித் தந்தோமில்லை. வடசொல் மலிந்த பழம்நூல்கள் ஒழிந்தாலென்ன என்று கேட்கும் நண்பரும் நம்மிடையே உளர். அவர்க்கு யாம் கூறுவது: அந்நூல்களின் சொல் அயலதாயினும் உழைப்பு நம்மது. மூலத்தில் ஓரெழுத்தும் மாற்றாமற் காத்து, பட்டியலில் மட்டும் தூய தமிழ்த் தலைப்பையும் பழந்தலைப்பையும் இணைத்தெழுதுதலே முறை. மற்று, சில மின்பட்டியல்களில் தமிழ்நூலின் பெயரே உரோம எழுத்திற் பதியப்பட்டுள்ளது. தமிழ்ப்பிள்ளை தமிழ்நூலைத் தேட ஆங்கில எழுத்துக்கூட்ட வேண்டுமாம்! இக்கொடுமை முதலில் ஒழிதல் வேண்டும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பள்ளிதோறும் நூலகப் பொறுப்புக்கென ஓர் ஆளும், வாரத்தில் ஒரு பாடவேளையும் வேண்டும். பாடத்தில் வரும் கலைச்சொல், அதற்குப் பழைய நூல்களில் வழங்கிய சொல், நூற்பெயர், பக்க எண், மின்னூலாயின் அதன் இணைய முகவரி ஆகிய ஐந்தையும் ஒரு வரியில் எழுதச் செய்க. மாணாக்கரே எழுதட்டும். கையெழுத்தேட்டிற் சேர்ந்தவற்றைப் பின்னர்க் கணிப்பொறியில் ஏற்றலாம். பாடத்திட்டம் மீண்டும் மாறினால் புதுச்சொல்லை அவ்வரியிற் சேர்த்தாற் போதும்.

கருவிகளை வாங்கித்தருதல் அரசின் கடன். இப்பட்டியலை அரசு ஆக்கித்தரும் என்று காத்திருத்தல் வேண்டா. இவ்விதழைப் படிக்கும் ஆசிரியர்கள், வரும் கல்வியாண்டில் தத்தம் வகுப்பின் அறிவியற் பாடமொன்றை எடுத்துக்கொண்டு, கலைக்களஞ்சியத்தின் முதல் மடலத்தோடு ஒப்பிட்டுத் தொடங்குக. எழுதிய பட்டியலின் படியொன்றை அண்டைப் பள்ளிக்கும் தருக.