கசிந்த இடமும் தேடிய இடமும்

சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பர் 23-ஆம் தேதி மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அவரது புகாரின்பேரில் கோட்டூர்புரம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பதிவான முதல் தகவல் அறிக்கை, அடுத்த சில நாள்களிலேயே அவரது அடையாள விவரங்களுடன் பொதுவெளியில் பரவியது. குற்றவாளிக்கு 2025 ஜூன் மாதம், குறைந்தது 30 ஆண்டுகள் குறைப்பின்றிச் சிறையில் இருக்க வேண்டிய ஆயுள் தண்டனை கிடைத்துவிட்டது. அறிக்கை கசிந்ததைப் புலனாய்வு செய்த விதம் எழுப்பிய கேள்விகளோ இன்னமும் அப்படியே இருக்கின்றன.

பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்றக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2016-ஆம் ஆண்டிலேயே கூறியிருக்கிறது. ஆயினும் அறிக்கை பார்வைக்குக் கிடைத்தது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து பாரதிய நியாய சம்ஹிதைக்கு மாறியபோது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறே காரணம் என விளக்கம் தரப்பட்டது. அப்படியானால் கதவு திறந்து கிடந்தது அரசின் வீட்டில்.

சென்னை உயர்நீதிமன்றம் டிசம்பர் 28-இல், மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. கசிவையும் விசாரிக்கப் பணித்தது. அது தேவையான உத்தரவே. ஆனால், அந்த விசாரணை செய்தியாளர்களின் கைப்பேசிகளைப் பறிமுதல் செய்வதில் போய் நின்றது. வழக்குக்குத் தொடர்பில்லாத தனிப்பட்ட கேள்விகளும் கேட்கப்படுவதாகச் செய்தியாளர்கள் தரப்பில் உயர்நீதிமன்றத்தில் முறையிடப்பட்டது. அவர்களைத் துன்புறுத்தக் கூடாது, கைப்பேசிகளைத் திருப்பித் தர வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் நீதிபதி ஜி.கே. இளந்திரையன் உத்தரவிட்டார்.

மாணவியின் அடையாளத்தை யாரேனும் வெளியிட்டிருந்தால், அவர் செய்தியாளராகவே இருந்தாலும், நியாய சம்ஹிதையின் 72-ஆவது பிரிவின்கீழ் வழக்குத் தொடரலாம். அதில் இரக்கம் காட்ட வேண்டியதில்லை. வெளியிட்டதற்கான சான்று வெளியிட்ட இடத்திலேயே இருக்கும். அறிக்கையை எந்தக் கணினியிலிருந்து யார் திறந்தார்கள் என்பது அரசு சேவையகத்தின் பதிவேட்டில் இருக்கும். கைப்பேசியில் இருப்பதோ வேறு.

சென்னையில் பெரிய நிறுவனத்தில் பணிபுரிபவருக்கு வழக்குரைஞர் துணை கிடைக்கும். ஒலக்கூரிலோ திண்டிவனத்திலோ இருந்து செய்தி அனுப்பும் ஒருவருக்குக் கைப்பேசிதான் அலுவலகம். ஒன்றிய அலுவலக ஊழியரும் ஊராட்சித் தலைவரும் காவலரும் அவரிடம் பேசுவது அதில்தான். 2023 மே மாதம் மரக்காணம் அருகே விஷச்சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அத்தகைய விற்பனை எங்கே நடக்கிறது என்பதை முதலில் அறிந்தவர்கள் உள்ளூர்வாசிகளே. தன் எண் காவல் நிலைய மேசைக்குப் போகும் என்று தெரிந்தால், அவர்களில் யார் வாய் திறப்பார்?

செய்தி மூலத்தைக் காக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. 1978-ஆம் ஆண்டின் பிரஸ் கவுன்சில் சட்டம் தரும் பாதுகாப்பு, அந்த கவுன்சிலின் விசாரணையோடு முடிந்துவிடுகிறது. 2023-இல் செய்தியாளர்களின் கருவிகளைப் பறிமுதல் செய்வது குறித்துக் கவலை தெரிவித்த உச்சநீதிமன்றம், நெறிமுறை வகுக்கும்படி மத்திய அரசிடம் கூறியது. அதுவரை சிபிஐ கையேட்டைப் பின்பற்றுவதாக அளிக்கப்பட்ட உறுதி மத்திய முகமைகளுக்கானது. மாநிலக் காவல்துறைக்கு அல்ல.

இதற்கிடையே, 2023-ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதை, 94-ஆவது பிரிவில் தகவல் தொடர்புக் கருவிகளையும் சேர்த்துவிட்டது. அவற்றை ஒப்படைக்குமாறு காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியே எழுத்துமூலம் ஆணையிடலாம். அஞ்சல் துறையின் வசம் உள்ள கடிதத்தை அப்படிக் கேட்க முடியாது. அடுத்த பிரிவின்படி அதற்கு மாவட்ட நடுவரோ நீதிமன்றமோ ஆணையிட வேண்டும். ஒட்டிய உறை ஒன்றுக்குத் தரும் இந்தக் காப்பை, ஆயிரம் உரையாடல்கள் அடங்கிய கைப்பேசிக்கு மறுப்பதற்கு இதுவரை எவரும் காரணம் சொல்லவில்லை.