வெடிச்சத்தம் இல்லாத தீபாவளியும் ஒரு ஐந்தாம் வகுப்புப் பாடமும்

போன வாரம் அக்கா நெற்குப்பைக்கு வந்திருந்தாள். அவள் மகன் ஐந்தாம் வகுப்பு. முற்றத்துத் தூணில் சாய்ந்துகொண்டு தெருவுக்கே கேட்கும்படி மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். உயிருள்ளவை சுவாசிக்கும், உணவு உண்ணும், வளரும், நகரும், கழிவை வெளியேற்றும், தூண்டினால் துலங்கும், இனப்பெருக்கம் செய்யும். ஏழு பண்புகள். பரீட்சைக்கு இது போதும்.

திடீரென்று நிறுத்திவிட்டுக் கேட்டான்: "மாமா, நெருப்பும்தான் காத்து இல்லாட்டி அணைஞ்சு போகுது. விறகைத் திங்குது, வளருது, நகருது, சாம்பலைத் தள்ளுது. ஒண்ணு பத்தா ஆகுது. அப்ப நெருப்புக்கு உசுரு இருக்கா?"

நான் படிப்பது பி.காம். டெபிட், கிரெடிட் கேட்டால் ஏதாவது சொல்லலாம். "உயிருன்னா செல் இருக்கணும்டா, நெருப்புக்கு செல் கிடையாது" என்று சமாளித்தேன். "எங்கிட்டயும்தான் செல் இல்ல, அம்மா வாங்கித் தரமாட்டேங்குறாங்க" என்றான். அதற்கு மேல் நான் பேசவில்லை :-)

ஆனால் அன்று இரவு முழுக்க அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உயிருக்கு என்னென்ன பண்பு என்று பட்டியல் போடுகிறோம். என்னென்ன தேவை என்றும் போடுகிறோம்: காற்று, நீர், உணவு, இருப்பிடம். எல்லாம் சரி. அந்த இரண்டாவது பட்டியலில் ஒன்று விடுபட்டுப் போயிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம் ஆட்கள் இதை வேறு மாதிரி எண்ணியிருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவை வைத்து வரிசைப்படுத்துகிறது. புல்லும் மரமும் தொட்டால் உணரும், அது ஓரறிவு. நத்தைக்கு நாவும் சேர்ந்து இரண்டு. எறும்புக்கு மூக்கும் சேர்ந்து மூன்று. நண்டுக்குக் கண்ணும் சேர்ந்து நான்கு. ஐந்தாவதாக வருவது செவி. ஆறாவது மனம், அது நமக்கு. இந்த ஐந்தாவதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பாடத்தில் 'தேவை' என்ற சொல்லுக்கு வேறு கதை. மனித விருப்பங்கள் எண்ணற்றவை, வளங்களோ பற்றாக்குறையானவை. 1932ல் லயனல் ராபின்ஸ் பொருளாதாரத்துக்குச் சொன்ன இலக்கணம் இதையொட்டித்தான். முதல் வருடத்திலேயே உருப்போட்டுவிடுவோம். இதில் ஒரு கொக்குக்கு இடமே கிடையாது. வயிறு நிறைந்தால் மீன் பிடிப்பதை நிறுத்திவிடுகிற ஜீவனுக்கு எண்ணற்ற விருப்பம் எங்கிருந்து வரும்?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எங்கள் ஊரிலிருந்து திருப்பத்தூர் போய், மதுரை ரோட்டைப் பிடித்தால் கொள்ளுகுடிப்பட்டி வரும். பக்கத்திலேயே வேட்டங்குடிப்பட்டி. இந்த ஊர்க் கண்மாய்கள் சேர்ந்ததுதான் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977ல் அறிவித்தார்கள். மொத்தமே 38.4 ஹெக்டேர்தான். மழைக்காலம் தொடங்கினால் மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, அரிவாள் மூக்கன், இராக்கொக்கு என்று வந்து இறங்கும். கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, அவற்றுக்குச் சிறகு முளைத்த பிறகுதான் கிளம்பும்.

பறவைகள் வந்து கூடு கட்டுகிற அதே சமயத்தில்தான் நமக்குத் தீபாவளியும் வருகிறது. இந்த ஊர்க்காரர்கள் அரை நூற்றாண்டாக வெடி வெடிப்பதில்லை. கோயில் திருவிழா, கல்யாணம் என்றாலும் மேளம், ஒலிபெருக்கி விஷயத்தில் அடக்கம்தான். வனத்துறையினர் தீபாவளிக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்வது வழக்கம். ஒரு டப்பா மிட்டாய்க்காக யாரும் தலைமுறை தலைமுறையாகச் சும்மா இருக்க மாட்டார்கள் என்பது நமக்குத் தெரியாதா?

சத்தம் கேட்டால் பறவைக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். அடைகாக்கிற பறவை வெடிக்குப் பயந்து எழுந்து பறக்கும். அது திரும்பி வருவதற்குள் முட்டை குளிர்ந்துவிடும், அல்லது காக்கை, பருந்து வேலையை முடித்துவிடும். இன்னும் இறகு முளைக்காத குஞ்சு மழையிலும் வெயிலிலும் தனியாகக் கிடக்கும். திரும்பத் திரும்பப் பயந்தால் தாய்ப்பறவை கூட்டையே கைவிட்டுவிடும். காற்று இருக்கிறது, நீர் இருக்கிறது, மீன் இருக்கிறது, மரம் இருக்கிறது. பாடப்புத்தகத்தின் நாலும் இருந்தும் குஞ்சு இல்லை. ஆகவே பயமில்லாமல் இருப்பதும் அடிப்படைத் தேவைதான் என்கிறேன். இதை நான் மட்டும் சொல்லவில்லை. 1979ல் பிரிட்டனின் பண்ணை விலங்குகள் நலக் குழு வகுத்த ஐந்து சுதந்திரங்களில் ஒன்று, அச்சத்திலிருந்து விடுதலை. நம் உச்ச நீதிமன்றமும் 2014ல் ஜல்லிக்கட்டு வழக்கில் அந்த ஐந்தையும் எடுத்துப் பேசியது.

"அப்போ சிவகாசிக்காரன் சோத்துக்கு என்ன செய்வான்?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. அவர்களும் உயிர்கள்தான், அவர்களுக்கும் பசி உண்டு. ஆனால் நாட்டிலேயே யாரும் வெடிக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2018ல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம் என்று வரையறுத்தது. தமிழ்நாட்டில் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி என்று பிரித்துக்கொண்டோம். அதற்குப் பிறகும் சிவகாசி இருக்கிறது. கூடு இருக்கும் இடத்தில் வெடிக்காதே என்பது மட்டும்தான் என் வாதம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஒன்றுமில்லை. இரண்டு வருடம் முன்பு தீபாவளியன்று எங்கள் வீட்டு வாசலில் பத்தாயிரம் வாலா வெடித்தவன் நான்தான். திண்ணைக்கடியில் ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தே வைத்தேன். தாய் பிய்த்துக்கொண்டு ஓடியது. இரண்டு நாள் வரவில்லை. அம்மா பாலாடையில் பால் எடுத்து நாலு குட்டிகளுக்கும் புகட்டினாள். ஒன்று பிழைக்கவில்லை. அம்மா என்னைத் திட்டவில்லை. கொல்லையில் குழி மட்டும் தோண்டச் சொன்னாள். அந்தச் சரத்தின் விலை எந்தக் கணக்கில் பற்று வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கொள்ளுகுடிப்பட்டியைப் பாராட்டுவதோடு நாம் நிறுத்திக்கொள்வதும் ஒரு தப்பித்தல் என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் செய்தி வருகிறது, படித்துவிட்டு "அருமை" என்கிறோம். அந்த ஊர் அமைதியைக் கொடுக்கும். தண்ணீரை எங்கிருந்து கொடுக்கும்? இது மழையை நம்பி வாழும் வானம் பார்த்த பூமி. வரத்துக் கால்வாய் தூர்ந்து போனாலோ ஆக்கிரமிப்பில் மாட்டினாலோ கண்மாய் நிறையாது. நிறையாத கண்மாயில் மீன் இல்லை, நத்தை இல்லை, நாரையும் இல்லை. அந்த வேலை அரசாங்கத்துடையது. மேலே இருக்கிற ஊர்க்காரர்களுடையதும்தான். அதாவது நம்முடையது. அவரவர் ஊர் ஊருணிக்கும் கண்மாய்க்கும் வருகிற கால்வாயில் குப்பை கொட்டாமல் இருப்பதற்குச் சட்டமா வேண்டும்?

லாபம் இருந்தால்தான் செய்வேன் என்பவருக்கும் ஒன்று சொல்லலாம். பறவை எச்சம் விழுந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம். வேடந்தாங்கல் விவசாயிகள் இதை எப்போதோ தெரிந்துகொண்டார்கள். பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798லேயே கலெக்டரிடம் உரிமைப் பத்திரம் வாங்கினார்கள். கழிவு நீக்கம் என்று மருமகன் உருப்போட்டானே, அது நம் நெல்லாகத் திரும்பி வருகிறது.

மறுநாள் காலையில் அவனிடம் சொன்னேன்: "நெருப்புக்கு உசுரு இல்லடா. அதுக்குப் பயம் கிடையாது."

கொஞ்ச நேரம் யோசித்தான். "மரத்துக்கும்தான் பயம் கிடையாது, மாமா. அதுக்கு உசுரு இல்லையா?"

மறுபடியும் மாட்டிக்கொண்டேன். வரும் தீபாவளிக்கு அவனைக் கொள்ளுகுடிப்பட்டிக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். வெடி கேட்பானோ என்று பயந்தேன். பைனாகுலர் கேட்டிருக்கிறான்.