மிதிவண்டியும் நன்கொடை அட்டையும்

சென்ற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தந்தையார் எழுந்து நின்று ஒரு வினாவைக் கேட்டார். "ஐயா, கொடுக்க வேண்டிய வெள்ளியை ஒரே நாளில் வசூல் செய்து கொடுத்துவிடலாமே. அதற்காக இரண்டு நாள் வெயிலில் சைக்கிள் மிதிப்பானேன்?" கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்துவிட்டு, உடற்பயிற்சி என்றும் ஒற்றுமை என்றும் இரண்டொரு வார்த்தைகளைச் சொல்லி அமர்ந்துவிட்டேன். வீடு திரும்பிய பிறகு அவ்விடை எனக்கே நிறைவு தரவில்லை. பகலெல்லாம் செம்பனைக் குலை வெட்டிவிட்டு, மாலையில் குளித்து உடை மாற்றிக்கொண்டு கூட்டத்திற்கு வந்திருந்த ஒரு தொழிலாளி நேர்மையாகக் கேட்ட கேள்வி அது. அதற்குத் தக்க விடையை இவ்வாண்டு மலரிலேனும் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நம் பள்ளியின் சார்பில் 2023-ஆம் ஆண்டிலும் 2024-ஆம் ஆண்டிலும் அறநிதி மிதிவண்டி ஓட்டத்தில் கலந்துகொண்டோம். சிறுநீரகம் பழுதுற்றோருக்கு உதவும் நிதிக்காக நடைபெற்ற ஓட்டம் அது. சனிக்கிழமை 30 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை 30 கிலோமீட்டர். நம் குழுவில் 14 பேர். ஆசிரியர்கள், பெற்றோர், பழைய மாணவர்கள், அலுவலகக் கிராணி ஒருவர் எனப் பலரும் இருந்தனர். மாணவர்கள் தோட்டத்துச் செம்மண் சடக்கின் எல்லை வரையில் உடன் வந்து, அங்கேயே நின்று வழியனுப்பினர். பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளைகளை லாரிகள் ஓடும் பெருஞ்சாலையில் விடுவதற்கு நான் ஒருபோதும் உடன்படேன். இதில் சிலருக்கு என்மீது மனத்தாங்கல் உண்டு, இருக்கட்டும்.

மாணவர்களின் பங்கு அட்டையில் இருந்தது. ஒவ்வோர் ஓட்டக்காரரின் பெயரிலும் சில அட்டைகள். கிலோமீட்டருக்கு 5 சென் தருவதாக ஒருவர் அட்டையில் எழுதிக் கையொப்பமிட்டால், 60 கிலோமீட்டர் முடிந்ததும் அவர் 3 வெள்ளி தர வேண்டும். ஓட்டக்காரர் நடுவழியில் இறங்கிவிட்டால் கணக்கும் அங்கேயே நின்றுவிடும். ஆகவே, அட்டையில் எழுதியவர் பணத்தோடு நின்றுவிடுவதில்லை, "வாத்தியார் போய்ச் சேர்ந்தாரா?" என்று ஞாயிறு மாலை வரையில் கேட்டுக்கொண்டே இருப்பார்.

அந்தக் கேள்வி என்னைப் பற்றியே மிகுதியாகக் கேட்கப்பட்டது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஐம்பது வயதைக் கடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இடது முழங்காலில் வலி வேறு. மாணவர்களுக்கு விடாமுயற்சியைப் பற்றி எத்தனையோ முறை சபைக் கூடலில் பேசியவன், முதல் மேட்டிலேயே வண்டியிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். என்னிடம் படித்து இன்று குலை வெட்டும் தொழிலாளியாக இருக்கும் இளைஞர் ஒருவர், காய்கறி ஏற்றும் தம் பழைய வண்டியிலேயே முன்னால் சென்றவர், மேட்டின் உச்சியில் காலூன்றி நின்று காத்திருந்தார். அடுத்த மேட்டிலும் காத்திருந்தார். மூன்றாவது மேட்டில் குழுவினர் அனைவருமே நின்றுவிட்டனர். பள்ளியில் அவரை மெதுவாகப் படிப்பவர் என்று வகுத்துக் கடைசி வரிசையில் அமர வைத்தவர்களுள் நானும் ஒருவன். அன்று அவர் எதுவும் சொல்லவில்லை. தண்ணீர்ப் போத்தலை மட்டும் நீட்டினார்.

இவ்விடத்தில் மிதிவண்டியைப் பற்றிச் சற்றுக் கூறலாம் என நினைக்கிறேன். மோட்டார் சைக்கிள் பெருகிவிட்ட இந்நாளில் மாணவர்கள் சிலர் மிதிவண்டியை ஏழையின் வண்டி என்று எண்ணுகின்றனர். தோட்டத்துப் பிள்ளைகள் அவ்வாறு எண்ணுவது வியப்பு. பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக, காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் பொருத்திப் பார்த்தார். அதற்கு 1888-இல் காப்புரிமை பெற்றார். அதே 1888-ஆம் ஆண்டில்தான் ரிட்லி என்னும் அறிஞர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். 1877-இல் அங்கு வந்து சேர்ந்திருந்த 22 ரப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்களைக் கொண்டு, மரத்தைக் கெடுக்காமல் பால் வெட்டும் முறையை ஆராய்ந்து கண்டவர் அவரே. முதலில் மிதிவண்டிக்கும், பின்னர் மோட்டார் வாகனத்திற்கும் சக்கர ரப்பர் தேவைப்பட்டது. கரும்புக்கும் காப்பிக்கும் முன்பே வந்த தமிழர் உண்டு. ஆயினும் நம் பாட்டன்மார் பெருந்திரளாகக் கப்பலேறி வந்தது ரப்பருக்காகவே. அந்தச் சிறுவனின் வண்டிச் சக்கரத்திற்கும் நம் லயத்து வீடுகளுக்கும் இடையே இவ்வளவு நெருங்கிய உறவு இருக்கிறது. இன்று நம் தோட்டத்தில் பால்மரங்கள் போய்ச் செம்பனை நிற்கிறது. மிதிவண்டி மட்டும் இன்னும் வாசலில் சாய்ந்து நிற்கிறது.

இனி, நான் செய்த ஒரு பிழையைக் கூற வேண்டும். தந்தையாரின் கேள்விக்கு விடை அதற்குள்தான் இருக்கிறது.

2023-இல், மிகுதியாக வசூல் செய்யும் மாணவருக்குப் பரிசுக் கிண்ணம் தருவதாக அறிவித்தேன். அது மாணவர்களுக்கு ஊக்கமளிக்கும் என்று கருதினேன். கடை வைத்திருக்கும் ஒருவரின் மகன் கிண்ணத்தைப் பெற்றான். அவன் மீது குற்றமில்லை. அவன் தந்தையின் கடைக்கு நாள்தோறும் ஐம்பது பேர் வருகின்றனர். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் ஒரு பெயர்கூட எழுதப்படாத வெற்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். நான் சபைக் கூடலில், அனைவர் முன்னிலையிலும், "ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்ட முடியவில்லையா?" என்று கேட்டேன். அவள் தலை குனிந்து நின்றாள். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் பள்ளிக்கு வரவில்லை.

அவளுடைய தந்தையே சிறுநீரகம் பழுதுற்றவர். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், பட்டணத்தில் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்பவர். லயத்தில் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. தம் வீட்டு நோய்க்குத் தானே ஊரில் கையேந்துவதாக ஆகிவிடுமே என்று அந்தச் சிறுமி அட்டையைப் புத்தகத்திற்குள் மறைத்து வைத்திருக்கிறாள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் குழந்தை உளவியல் கற்பித்தார்கள். தேர்விலும் நல்ல புள்ளிகள் வாங்கினேன். அந்தப் படிப்பு அன்று எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவள் வீட்டிற்குச் சென்று, பெற்றோர் முன்னிலையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவள் தந்தையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அவர் முன்பு தோட்டத்துப் பட்டறையில் வேலை பார்த்தவர். விடைபெறும்போது, "அடுத்த ஆண்டு ஓட்டத்திற்கு என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. வாங்கிக்கொள்கிற ஆளாகவே என்னை உட்கார வைத்துவிடாதீர்கள்" என்றார். (அவருடைய இசைவு பெற்றே இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று கூறிவிட்டார்.)

2024-இல் ஓட்டத்திற்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலை, பள்ளித் திடலில் 14 மிதிவண்டிகளும் வரிசையாக நிறுத்தப்பட்டன. சுத்திகரிப்புக்காக இரத்தக் குழாயை இணைத்திருக்கும் இடக்கையில் அவர் பளு தூக்கலாகாது. ஆகவே, முக்காலியில் அமர்ந்து வலக்கையால் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தும், சக்கரத்தைச் சுழற்றிக் கம்பிகளைத் தட்டிப் பார்த்தும் குறை சொன்னார். ஆறாம் ஆண்டு மாணவர்கள் முடுக்கினர், காற்றடித்தனர், எண்ணெய் விட்டனர். என் வண்டியின் பின் பிரேக் கட்டை தேய்ந்து போயிருப்பதை அவரே கண்டார். அதை மாற்றாமல் மறுநாள் இறக்கத்தில் நான் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத விரும்பவில்லை. முதல் அட்டையில் முதல் பெயராகத் தம் பெயரை எழுதச் சொல்லி, கிலோமீட்டருக்கு 2 சென் என்றார். எழுதியவள் அவர் மகள்.

அவ்வாண்டு பரிசும் இல்லை, தொகையைப் படித்துச் சொல்வதும் இல்லை. அட்டைகளும் பணமும் பூட்டிய பெட்டியில் இடப்பட்டன. மாணவர்கள் தனித்தனியே செல்லாமல், ஓட்டக்காரரோடு சேர்ந்து லயம் லயமாகச் சென்றனர். அப்போதுதான் மக்கள் பேசத் தொடங்கினர். இனிப்புநீரும் இரத்தக் கொதிப்பும் முற்றினால் சிறுநீரகம் கெடும் என்பதைப் பலர் திண்ணையில் அமர்ந்து முதன்முறையாகக் கேட்டனர். கெட்டிப்பால் ஊற்றிய தேநீரை மாணவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே கேட்டனர் என்பது வேறு செய்தி! அந்தத் தந்தையார் மருத்துவத்திற்குச் சென்று திரும்ப ஒவ்வொரு முறையும் வாடகைக் கார் பிடிக்கிறார் என்பதும் அப்போதே குழுவினர்க்குத் தெரிந்தது. கிராணி வாரத்தில் ஒரு நாளும், ஆசிரியர் ஒருவர் ஒரு நாளும் தம் காரில் அழைத்துச் செல்ல முன்வந்தனர். வசூலான பணம் நிதிக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த உதவி எந்த ரசீதிலும் வராது.

திருக்குறளில் ஒப்புரவறிதல் 22-ஆம் அதிகாரமாகவும் ஈகை 23-ஆம் அதிகாரமாகவும் உள்ளன. இரண்டும் ஒன்றுதானே என்று மாணவர்கள் தேர்வில் எழுதுவர். ஈகை என்பது இல்லாதவர்க்குக் கொடுப்பது. ஒப்புரவு என்பது ஊரோடு கலந்து, ஊரின் தேவை அறிந்து நடப்பது. ஒரே நாளில் வசூல் செய்து அனுப்பியிருந்தால் ஈகை நிறைவேறியிருக்கும். கொடுப்பவர் ஒரு புறமும் வாங்குபவர் மறு புறமுமாகவே இருந்திருப்போம்.

நம் மூத்தோர் இதை நன்கு அறிந்தவர்கள். 1957-இல் நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டித் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தொழிலாளர் வேலையும் வீடும் இழக்கும் நிலை வந்தது. அப்போது துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தோட்டந்தோட்டமாகச் சென்றார். பெருஞ்செல்வர் சிலரிடம் வாங்கியிருந்தால் அலைச்சல் குறைந்திருக்கும். அவரோ பால் வெட்டுத் தொழிலாளியிடம் சிறு தவணைகளாகப் பங்குப் பணம் கேட்டார். 1961-இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டபோது, தாம் வேலை செய்யும் நிலத்தில் தமக்கும் பங்கு உண்டு என்று தொழிலாளர் சொல்லிக்கொள்ள முடிந்தது. நம் சிறிய ஓட்டத்தை அப்பெரும் பணியோடு ஒப்பிடவில்லை. சிறு காசைப் பலரிடம் கேட்டுச் செல்வது வீண் அலைச்சல் அன்று என்பதற்காகவே கூறினேன்.

எனினும், அந்தத் தந்தையார் பக்கமும் நியாயம் உண்டு. ஓட்டங்களில் சில குழுக்கள் பளபளக்கும் சட்டைக்கும் பதாகைக்கும் செலவிடுவதைப் பார்க்கும்போது, அந்தப் பணத்தை நேராக நிதிக்கே கொடுத்திருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. நம் குழுவினர் பழைய விளையாட்டுப் போட்டிச் சட்டைகளையே அணிந்து சென்றனர். தலைக்கவசத்திற்கு மட்டும் செலவு செய்தோம். அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

அடுத்த ஓட்டத்திற்கான அட்டைகள் முதல் தவணை விடுமுறைக்கு முன்பு வழங்கப்படும். கேள்வி கேட்ட தந்தையாரும் குழுவில் சேர வேண்டும் என்று இதன்வழி அழைக்கிறேன். மேட்டில் நான் அவரைக் காக்க வைப்பேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வண்டிகளைப் பார்வையிடுவது வழக்கம்போல் வெள்ளிக்கிழமை மாலை, பள்ளித் திடலில். காற்றடிக்கும் பம்பு வைத்திருப்போர் கொண்டு வரவும். பள்ளியில் இருப்பது ஒன்றுதான், அதுவும் பழையது.