சாஃப்ட்வேர் வேறா இருக்கட்டும், கணக்கு ஒன்றாகட்டும்!

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் பெரும்பாலும் பல யூனிட்களைத் தாண்டித்தான் கப்பல் ஏறுகிறது. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் என ஒவ்வொன்றும் தனித்தனி இடம். ஒருவர் டேலி வைத்திருப்பார், இன்னொருவர் எக்செல், பெரிய கம்பெனியில் ஈஆர்பி. துணியோடு போகிற டிசியைப் பார்த்து, அடுத்த யூனிட்டில் மறுபடியும் முதலிலிருந்து டைப் அடிக்கணும்.

அப்போ எல்லோரும் ஒரே சாஃப்ட்வேர் வாங்கணுமா? தேவையில்லை.

கணினி உலகம் இதை எப்போதோ கடந்துவிட்டது. பைத்தான், ஜாவா, ஆர் என நிரல்மொழிகள் பல. ஆனால் கைமாறும் தரவு முழு எண்ணா, தசம எண்ணா, தேதியா, எழுத்தா என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டால், அவை சேர்ந்து வேலை செய்யும். இதுதான் பொதுத் தரவு வகை. கூகுள் 2008-ல் எல்லோருக்கும் திறந்துவிட்ட புரோட்டோகால் பஃபர்ஸ் இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது.

ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 12/08 நமக்கு ஆகஸ்ட் 12. அமெரிக்க பையருக்கு டிசம்பர் 8. வெறும் 180 என்று எழுதினால் அது ஜிஎஸ்எம்மா, கிலோவா, பீஸா?

நம்ம ஊருக்கே தெரிந்த உதாரணம் ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ். 2020 அக்டோபரில் ரூ.500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களிடம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் ரூ.5 கோடியைத் தாண்டியவர்கள் வரை வந்தது. இந்த சாஃப்ட்வேரைத்தான் வாங்கணும் என்று அரசு சொல்லவில்லை. தேதியை எப்படி எழுதணும், கிலோவுக்கு எந்தக் குறியீடு, பீஸுக்கு எது என்பதை மட்டும் நிர்ணயித்தது. டேலியில் போட்டாலும் ஈஆர்பியில் போட்டாலும் பில் ஒரே வடிவத்தில் போகிறது.

இதே ஒழுங்கு ஜாப் ஒர்க் டிசிக்கும் வேண்டும் என்பதே என் கருத்து. லாட் எண், கவுன்ட், டயா, ஜிஎஸ்எம், எடை, ரோல் எண்ணிக்கை: இவ்வளவு போதும். டையிங்குக்குப் போன எடையும் திரும்பி வந்த எடையும் ஒரே முறையில் பதிவானால், எடைக் குறைவு ஒரு கழித்தல் கணக்கு. இல்லாவிட்டால் அது சண்டை. கடைசியில் பிடித்தம் விழுவது பெரும்பாலும் ஜாப் ஒர்க் செய்பவர் பில்லில்.

சின்ன யூனிட்டுக்கு இது செலவு இல்லையா? ஒரே தலைப்புகள் கொண்ட எக்செல் ஷீட்டில் தொடங்கலாம். ஆனால் காத்திருக்க நேரமில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின் கீழ், ஜவுளிக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் வரவிருக்கிறது. நாமே ஒரு பொது வடிவத்தை முடிவு செய்யாவிட்டால், ஒவ்வொரு பையரும் ஒரு ஆப் கொடுப்பார். அஞ்சு ஆப்பிலும் டைப் அடிக்கப்போவது அதே சின்ன யூனிட்தான்.