உப்பு விளையாத மூன்று மாதங்கள்

தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயலைச் சுற்றிப் பழையகாயல், ஆறுமுகநேரி என்று உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. தையில் பாத்தி மிதித்துச் செப்பனிட்டால், வெயில் ஏறியதும் உப்பு வாரத் தொடங்கலாம். புரட்டாசியோடு அந்த வேலை ஓயும். ஐப்பசியில் அடைமழை பிடித்ததும் அளத்தில் மழைநீர் நிற்கும். பிறகு மார்கழிப் பனி விலகும்வரை கூலி இல்லை.

இந்த நாட்களில்தான் நம் தெருக்களில் ஒரே பேச்சு: "அடுத்த வருசமும் அளத்துக்குத்தான் போகணுமா? வேற வேலை பார்த்தா என்ன?" நம் மக்கள் ஒரு வேலையிலும் நிலைக்க மாட்டார்கள் என்று பழிப்பவர்கள் இந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வருடத்தில் மூன்று மாதம் வேலைதான் நம்மை விட்டுப் போகிறது.

வேறு வேலை எங்கே இருக்கிறது? பெண்கள் பிசான நடவுக்கும் களை பறிக்கவும் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் போவார்கள். நடவு இயந்திரம் வந்தபின் அதுவும் சுருங்கிவிட்டது. கட்டட வேலையும் மழையில் நிற்கும். இளைஞர்கள் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் பேருந்து ஏறுகிறார்கள். போக நினைத்தும் போக முடியாதவர், தீபாவளிக்கு முன்பணம் வாங்கியவர். தை பிறந்ததும் அவர் அதே பாத்தியில் இறங்கியாக வேண்டும்.

இது பருவத்தின் சிக்கல் மட்டும்தானா? நிலம் உள்ளவருக்கு மழை விதைப்புக் காலம். தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவருக்கு அது கடன் வாங்கும் காலம். சாதி இங்கே இப்படித்தான் வேலை செய்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. உப்பளங்களும் மூழ்கின. பாத்தி சீராகும்வரை கையைக் கட்டிக் காத்திருந்தது கூலியாட்களின் குடும்பங்கள்தான்.

உற்பத்தி இல்லாத அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. போராடிப் பெற வேண்டிய உரிமையின் முதல் படி என்று அதை வரவேற்கிறோம். ஆனால் 92 நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 54 ரூபாய்தான். 61 நாள் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். நாளுக்கு 131 ரூபாய். மீனவச் சகோதரர்களுக்கு அதுவும் போதாது. நமக்கோ அதில் பாதிகூட இல்லை.

நாம் கேட்பவை மூன்று. நிவாரணம் மூன்று மாதமும் மாதந்தோறும் கிடைக்க வேண்டும். ஊரக வேலைத்திட்டப் பணிகளை உப்பளக் கிராமங்களில் இந்த மாதங்களில் கூடுதலாக ஒதுக்க வேண்டும். உப்பு நிலக் குத்தகையில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, முன்னுரிமை வேண்டும்.

கல்லூரி செல்லும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு எந்த உதவியும் எட்டாது. விடுமுறையில் ஊர் வரும்போது அம்மாவும் அத்தையும் நலவாரியத்தில் பதிந்திருக்கிறார்களா, அட்டையைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் விண்ணப்பத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். உப்பு வாரிய கைகள்தான் உங்களைப் படிக்க அனுப்பின. வேலை மாறுவது அவர்களின் விருப்பமாக இருக்கட்டும்; பசி விரட்டி மாறும் நிலை வேண்டாம்.