பொறி மாறினால் உரிமை மாளுமா?

“காலம் மாறிவிட்டது, கருவி மாறிவிட்டது, ஆகவே பழைய உரிமையும் மாறவேண்டும்” என்னும் வாதம் இன்று பல நாடுகளிலும் ஒலிக்கின்றது. கேட்பதற்கு இனிய வாதம். ஆராயாது ஒப்புக்கொள்வோர் பின்னர் வருந்த நேரிடும். இவ்வாதம் முற்றி வளர்ந்த இடம் ஐக்கிய அமெரிக்கா. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

1791ஆம் ஆண்டு அந்நாட்டு அரசியல் யாப்பிற் சேர்ந்த பத்துத் திருத்தங்களுள் முதலாவது பேச்சையும் பத்திரிகையையும் காத்தது. இரண்டாவது, குடிப்படையின் தேவையைச் சுட்டி, மக்கள் படைக்கலம் தாங்கும் உரிமையைக் காத்தது. அன்றைய துவக்கு தேர்ந்த வீரன் கையிலும் நிமிடத்துக்கு மூன்று வெடிக்கு மேற் செல்வது அரிது. அன்றைய அச்சுப்பொறி கையால் அழுத்தும் மரப்பொறி. 2008ஆம் ஆண்டு ஹெல்லர் வழக்கில், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்த அந்நாட்டு உயர் நீதிமன்றம், படைக்கல உரிமை தனிமனிதனுக்கும் உரியது என்றது. பேச்சுரிமை இன்றைய தொடர்புச் சாதனங்களைத் தழுவுவது போலவே படைக்கல உரிமையும் இன்றைய படைக்கலங்களைத் தழுவும் என்றும் கூறிற்று.

இதனை மறுப்போரிற் சிலர், “அப்படியாயின் உமக்கு 1791ஆம் ஆண்டுத் துவக்கு மட்டுமே” என்கின்றனர். துவக்குக் கட்சியாரோ, “அப்படியாயின் உமக்கு மரஅச்சு மட்டுமே, வானொலியும் வலைத்தளமும் இல்லை” என மடக்குகின்றனர். இரு திறத்தாரும் செய்யும் பிழை ஒன்றே. உரிமையைக் கருவியோடு கட்டிவிட்டு, அவ்வுரிமை எதற்காக ஏற்பட்டது என்பதை மறந்துவிடுகின்றனர்.

சொல்லுக்குச் சொல்லால் விடையளிக்கலாம். சன்னத்துக்கு விடையளிக்க இறந்தவன் எழுந்து வருவானா? 2017 ஒக்ரோபர் 1ஆந் திகதி லாஸ் வேகாஸ் நகரில், விடுதியொன்றின் மேன்மாடியிலிருந்து ஒரு தனிமனிதன் ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வெடிகளைத் தீர்த்தான், மாண்டோர் அறுபதின்மர். அவன் கையாண்டது போன்ற, துவக்கின் வேகத்தைக் கூட்டும் இணைப்பை அரசு பின்னர் தடைசெய்தது. சட்டத்திலுள்ள இயந்திரத் துவக்கின் வரைவிலக்கணத்துள் அது அடங்காது எனக் கூறி, 2024இல் உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. கொடுங்கோலை எதிர்க்கும் குடிப்படைக்காக ஏற்பட்ட உரிமை, ஆளில்லா விமானம் தாங்கிய அரசின்முன் பயனற்றது. பாட்டுக் கேட்க வந்த கூட்டத்தின்முன் மட்டுமே வல்லமையுடையது. கருவியின் வளர்ச்சி இங்கே உரிமையின் நோக்கத்தையே தின்றுவிட்டது.

பேச்சுரிமையின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1915இல் அதே நீதிமன்றம், திரைப்படம் வெறும் வாணிகம், அதற்குப் பேச்சுரிமை இல்லை என்று தீர்த்தது. அப்பிழையைத் திருத்த 1952 வரை, முப்பத்தேழு ஆண்டுகள் சென்றன. அதுவரை தணிக்கையாளர் கத்தரிக்கோல் ஓயவில்லை. அப்பாடத்தைக் கற்றமையாலேயே 1997இல் இணையம் வழக்குமன்றம் ஏறியபோது, அதற்கு முழுப் பாதுகாப்பும் உண்டு என நீதிமன்றம் உடனே கூறிற்று. அச்சோ, படமோ, இணையமோ, ஆள்வோரைக் குடிகள் கேள்வி கேட்பதே அவ்வுரிமையின் நோக்கம். பொறி மாறியும் நோக்கம் மாறவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1947, 1972, 1978ஆம் ஆண்டுகளின் அரசியல் யாப்புகளில் எதுவும் நமக்குப் படைக்கல உரிமை தரவில்லை. பன்றியிடமிருந்து பயிரைக் காக்கக் கமக்காரன் துவக்கு வைத்திருப்பதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை எவரும் அடிமைத்தனம் என்பதில்லை. படைக்கலத்தின் விலை என்னவென்று நம் மண்ணுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதுமில்லை. ஆனால் 1978 யாப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுரிமையை ஏட்டில் எழுதிவைத்திருக்கிறது. அவ்வேட்டுரிமை நம்மைக் காத்ததா?

1958இல் பத்திரிகைத் தணிக்கை வந்தது. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச்சட்டம் பத்திரிகைக்குப் பூட்டுப்போட அமைச்சருக்கு இடமளித்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ‘ஈழநாடு’ பத்திரிகைக் காரியாலயமும் எரிந்தது. 2020இல் இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தமிழ்க் கவிதைகளின் பொருட்டுச் சிறை சென்றார். புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது 2023 டிசெம்பரிலேயே. இவையெல்லாம் எந்தப் புதிய பொறியின் குற்றம்? கவிதையும் காகிதமும் நேற்றுப் பிறந்தவையா?

2024 ஜனவரியில், 108 வாக்குகளுக்கு எதிராக 62 வாக்குகள் விழ, நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. ஐவர் கொண்ட ஆணைக்குழு. அவர்களை நியமிப்பவர் சனாதிபதி. எது பொய்யென அவ்வாணைக்குழு முடிவுசெய்து அறிவித்தல் அனுப்பினால், 24 மணித்தியாலத்துள் அச்சொல்லை நீக்கவேண்டும். அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதல் உண்டே என்பார்கள். ஒப்புதல் எத்தனை இருந்தாலும், உண்மைக்கு முத்திரை குத்தும் அதிகாரம் நீதிமன்றத்துக்குப் புறத்தே போய்விட்டது என்பதே நம் முறைப்பாடு.

“முகநூல் வதந்தியால் 2018இல் கண்டியில் முஸ்லிம்களின் வீடும் கடையும் எரிந்தனவே?” என்று கேட்பார்கள். எரிந்தன, மறுக்கவில்லை. தன் தளத்துக்கு அதிற் பங்குண்டென்று அந்நிறுவனமே 2020இல் வருத்தம் தெரிவித்தது. ஆனால் 1958இலும் 1983இலும் தமிழரைக் கொன்றவர் கையில் முகநூல் இருந்ததா? அன்றும் இன்றும் குறைவாயிருந்தது சட்டமன்று. அதனைப் பக்கஞ்சாராது நடத்தும் மனமே. இனவெறியைத் தூண்டுவதைத் தண்டிக்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. 2019இல் அச்சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டவர் யார்? பிக்குமாருக்குப் பிடிக்காத சிறுகதை எழுதிய ஒரு சிங்கள எழுத்தாளர்! மேலும், 2022 ஏப்ரலில் அரசு சமூக வலைத்தளங்களை அடைத்தது இனக்கலவரத்தைத் தடுக்கவா? எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற மக்களின் குரலை அடக்கவே அன்றோ?

சட்டத்தரணிகளே, வைத்தியர்களே, ஆசிரியர்களே, கமக்காரத் தோழர்களே! உரக்கொள்கையால் விளைச்சல் குன்றியபோதும், காணி பறிபோனபோதும், காணாமற்போன மகனைத் தாய் தேடியபோதும் நமக்கு மிஞ்சியிருந்த கருவி சொல் ஒன்றே. நம் கோரிக்கை தெளிவானது: வன்செயலைத் தூண்டும் சொல்லுக்கு மட்டுமே தண்டனை, அதனைத் தீர்மானிப்பது பகிரங்க நீதிமன்றம், நியமனம் பெற்ற ஆணைக்குழு அன்று.

துவக்குக்கு அனுமதிப்பத்திரம் கேளுங்கள், தருவோம். நாவுக்கு அனுமதிப்பத்திரம் கேட்டால், ஒருபோதும் இணங்கோம்!